எடைக்கல்லைச் சோதிப்பது: இயங்குதளத்தின் பில்ட் கருவிகளில் உள்ள சி நிரலை மறுஆய்வு செய்தல்

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளிலும் பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக நுழையும் வழி, வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தார். மூல நிரல் முழுக்கத் திறந்து கிடந்த மென்பொருள் அது. அப்படியிருந்தும் ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் எழுகிறது. விடையின் பெரும்பகுதி ஒரே சொல்லில் அடங்கும்: பில்ட், அதாவது மூல நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டும் வேலை. பின்கதவை உள்ளே இழுத்துவரும் வரி, படிப்பவர்கள் பார்க்கும் நிரலில் இல்லை. அந்த நிரலைக் கட்டும் ஸ்கிரிப்டில் இருந்தது. ஓடும் நிரலைப் பத்துப் பேர் படித்தால், கட்டும் நிரலை ஒருவர் படிப்பதே பெரிது.

அதே மென்பொருளில் இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. லினக்ஸில் ஒரு நிரலின் அதிகாரத்தைச் சுருக்கும் லேண்ட்லாக் என்ற காப்பு வசதி கணினியில் உண்டா என்று பார்க்க, பில்ட் அமைப்பு ஒரு குட்டி சி நிரலைக் கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி, பார்க்கும். கம்பைல் ஆனால் வசதி உண்டு, ஆகாவிட்டால் இல்லை. அந்தக் குட்டி நிரலுக்குள், தனி வரியில், ஒரே ஒரு முற்றுப்புள்ளி சேர்க்கப்பட்டிருந்தது. சி மொழியில் அது இலக்கணப் பிழை. ஆகவே எந்தக் கணினியிலும் அது கம்பைல் ஆகாது. காப்பு வசதி சத்தமில்லாமல் அணைந்துவிடும். பில்ட் வெற்றிகரமாக முடியும்.

1972-இல் இன்டெல் பினாங்குக்கு வந்த காலம் தொட்டு பாயான் லெப்பாஸ் வட்டாரம் சில்லு வேலைக்குப் பெயர் பெற்றது. அங்கும் கோலாலம்பூரிலும் போர்டுகளுக்கு இயங்குதள இமேஜ் (வட்டில் அப்படியே எழுதும் முழுக் கோப்பு) கட்டும் வேலையில் இருக்கும் தமிழர்கள், இத்தகைய கருவிகளின் பேட்ச்களை (நிரல் மாற்றங்களை) பார்த்து ஒப்புதல் தர வேண்டிய இடத்துக்கு வருகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்து, அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

பில்ட் கருவி என்பது எது?

இயங்குதளத்தின் மூல நிரலை அப்படியே கம்பைலரிடம் கொடுத்துவிட முடியாது. முதலில் சில சிறு நிரல்கள் பிறக்க வேண்டும். அவை ஓடி, மற்ற நிரல்களுக்கு வேண்டிய கோப்புகளை எழுதித் தர வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளங்கள் இரண்டிலும் உள்ள ‘கான்ஃபிக்’, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் எந்தெந்த டிரைவர் சேர வேண்டும் என்ற பட்டியலைப் படித்து, அதற்கேற்ற சி கோப்புகளையும், எதை எந்த வரிசையில் கட்டுவது என்று ‘மேக்’ என்ற கருவிக்குச் சொல்லும் மேக்ஃபைலையும் எழுதுகிறது. லினக்ஸ் கெர்னலின் ‘ஃபிக்ஸ்டெப்’, எந்தக் கோப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியலைத் திருத்துகிறது. ‘மோட்போஸ்ட்’, கெர்னலில் தனியே ஏற்றப்படும் மாட்யூல்களின் சிம்பல்களை (ஃபங்ஷன் பெயர்கள் போன்றவற்றை) சரிபார்க்கிறது. நெட்பிஎஸ்டியின் ‘மேக்எஃப்எஸ்’ ஒரு கோப்புறையை வட்டு இமேஜாக மாற்றுகிறது. எல்லாம் சி மொழியில் எழுதப்பட்டவை.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கட்டும் வேலை நடக்கும் கணினி ஹோஸ்ட். கட்டி முடித்தது ஓடப்போகும் கணினி டார்கெட். மேசையில் இருக்கும் எக்ஸ்86 வகைச் சில்லுள்ள கணினியில் உட்கார்ந்து ஆர்ம் வகைச் சில்லுள்ள ஒரு போர்டுக்கு இமேஜ் கட்டினால், கணினி ஹோஸ்ட், போர்டு டார்கெட். பில்ட் கருவி ஹோஸ்டில் ஓடுகிறது, ஆனால் டார்கெட்டுக்கான பொருளை எழுதுகிறது. இந்த இரட்டை வாழ்வுதான் அதில் வரும் பிழைகளில் பாதிக்குக் காரணம்.

பில்ட் கருவி வாடிக்கையாளர் கைக்குப் போவதில்லை. அதனால்தான் அதன் மறுஆய்வு அவசரமாக முடிகிறது. பினாங்கின் சௌராஸ்தா சந்தையில் ஒரு கடையின் எடைக்கல் ஐந்து கிராம் குறைவாக இருந்தால், அந்தக் கல்லை யாரும் வாங்கிப்போவதில்லை. ஆனால் அன்று அந்தக் கடையில் வாங்கியவர் அனைவருக்கும் சரக்கு குறைகிறது. சரக்கைச் சோதிக்கும் கண்ணோடு எடைக்கல்லைச் சோதிக்க முடியாது.

கேள்வியே வேறு

வலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சர்வரின் நிரலைப் படிக்கும்போது, வெளியாள் அனுப்பும் உள்ளீட்டால் இது விழுமா என்று கேட்கிறோம். பில்ட் கருவியின் உள்ளீடு பெரும்பாலும் நம் சொந்த மூல நிரல். கருவி விழுந்தால் நல்லதே: பில்ட் நிற்கும், ஒருவர் எழுந்து வந்து பார்ப்பார். தவறான கோப்பை எழுதிவிட்டு 0 என்ற எக்ஸிட் கோடுடன் முடியும் கருவிதான் ஆபத்தானது. 0 என்றால் வெற்றி. மேக் அதை நம்பி அடுத்த படிக்குப் போய்விடும்.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: இந்தக் கருவி தோற்றுவிட்டு வென்றதாகச் சொல்ல வழி இருக்கிறதா? மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்கு அடுத்தே.

தோல்வியை விழுங்கும் இடங்கள்

1. எழுதும்போது வரும் பிழை. எஃப்பிரின்ட்எஃப் என்ற ஃபங்ஷனை அழைத்த உடனே எழுத்துகள் வட்டுக்குப் போவதில்லை, பஃபர் என்ற நினைவகத் தேக்கத்தில் தங்குகின்றன. லினக்ஸில் சாதாரணக் கோப்புக்கு அந்தப் பஃபர் பெரும்பாலும் 4096 பைட். கருவி எழுதும் கோப்பு அதைவிடச் சிறியது என்றால், வட்டு நிரம்பியிருப்பது எஃப்பிரின்ட்எஃப்புக்குத் தெரியவே தெரியாது. கோப்பை மூடும் எஃப்குளோஸ்தான் அதை முதலில் அறியும். அதன் விடையை யாரும் பார்க்கவில்லை என்றால் பிழை அங்கேயே மறைந்துபோகும். எஃப்குளோஸே இல்லாமல் மெயினிலிருந்து 0 திருப்பி அனுப்பினால் இன்னும் மோசம்: சி நூலகம் முடிவில் பஃபரைக் காலி செய்ய முயலும், தோற்கும், ஆனால் எக்ஸிட் கோடு 0 ஆகவே இருக்கும்.

மறுஆய்வில் தேட வேண்டியது: எழுதி முடித்த இடத்தில் பஃபரைக் காலி செய்யும் எஃப்ஃப்ளஷ், பிழை நேர்ந்ததா என்று சொல்லும் எஃப்எரர், எஃப்குளோஸ் மூன்றும் உண்டா, ஒவ்வொன்றின் விடையும் பார்க்கப்படுகிறதா. எஃப்எரரை மட்டும் பார்த்தால் போதாது. பஃபரில் இன்னும் இறங்காத கடைசிப் பகுதியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கும் இதே விதி. லினக்ஸின் ஃபிக்ஸ்டெப் தன் வேலை முடிந்ததும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் பிழை ஏற்பட்டதா என்று பார்க்கிறது. வட்டில் இடமின்மை போன்றவற்றைப் பிடிக்கத்தான் என்று அருகிலேயே குறிப்பும் எழுதியிருக்கிறது. நல்ல முன்மாதிரி.

2. பாதிக் கோப்பு. கருவி எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால், பாதி எழுதிய கோப்பு வட்டில் இருக்கும். அதன் நேரமுத்திரை புதியது. மறுபடி மேக் ஓட்டினால், இது ஏற்கெனவே தயார் என்று எண்ணி அந்தப் படியைத் தாண்டிவிடும். பாதியில் வெட்டுப்பட்டது சி ஹெடர் (மற்ற நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பு) என்றால் கம்பைலர் கத்தும். அது நம் நல்ல காலம். வெட்டுப்பட்டது வெறும் பெயர்ப் பட்டியல் என்றால், நூறு பெயருக்குப் பதில் எழுபது பெயருடன் இமேஜ் தயாராகும். யாரும் கத்த மாட்டார்கள். குனு மேக்கில் பிழை வந்தால் இலக்குக் கோப்பை அழிக்கச் சொல்லும் ‘டிலீட் ஆன் எரர்’ ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அதை நாமே எழுதி இயக்க வேண்டும். கருவி 0 சொல்லி முடித்தால் அதுவும் உதவாது.

இதற்குச் சரியான வழி கருவிக்குள்ளேயே இருக்கிறது. படிகள் இவை:

அ. இலக்குக் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் எம்கேஎஸ்டெம்ப் கொண்டு தற்காலிகக் கோப்பு திறக்க வேண்டும். வேறு இடத்தில் திறந்தால் வேறு கோப்பு முறைமையாக இருக்கலாம். அங்கிருந்து ரீநேம் செய்ய முடியாது.

ஆ. எழுதி, மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் செய்ய வேண்டும்.

இ. எம்கேஎஸ்டெம்ப் தரும் கோப்பின் அனுமதி 0600, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். மூடுவதற்கு முன் எஃப்சிமோட் செய்து அனுமதியை மாற்றாவிட்டால், வேறு பயனர் பெயரில் ஓடும் அடுத்த படி கோப்பைத் திறக்க முடியாமல் நிற்கும். எழுதுபவர்கள் அடிக்கடி மறப்பது இந்தப் படியைத்தான்.

ஈ. ரீநேம். பழைய கோப்போ புதிய கோப்போ, இரண்டில் ஒன்று முழுதாக இருக்கும். பாதி என்ற நிலையே வராது.

தற்காலிகக் கோப்புக்கு நிலையான பெயர் வைத்திருந்தால் ஒப்புதல் தரக் கூடாது. எட்டு வேலைகளை இணையாக ஓட்டும் பில்டில் ஒரே கருவி இருமுறை ஒரே நேரத்தில் ஓடக்கூடும். ஒன்று எழுதியதை மற்றொன்று மிதிக்கும். இந்தப் பிழை பத்து பில்டில் ஒருமுறை தலைகாட்டும், தேடும்போது ஒளிந்துகொள்ளும்.

3. எண்ணாக மாற்றுதல். ஏடூஐ என்ற ஃபங்ஷனுக்கு ‘12கேபி’ என்று கொடுத்தால் 12 தரும், வெறும் எழுத்தைக் கொடுத்தால் 0 தரும், இரண்டிலும் பிழை சொல்லாது. எஸ்டிஆர்டோல் பயன்படுத்தி, அழைக்கும் முன் பிழை எண் நிற்கும் எர்நோவை 0 ஆக்கி, அழைத்த பின் எர்நோவையும், எண் முடிந்த இடத்தைக் காட்டும் பாயின்டரையும் பார்க்க வேண்டும். மூன்றில் எதை விட்டாலும் ஒரு வகைத் தவறு நுழையும்.

4. வெட்டுப்படும் பெயர்கள். எஸ்என்பிரின்ட்எஃப் பஃபரைத் தாண்டி எழுதாது என்பதால் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். நினைவகத்துக்குப் பாதுகாப்பு, உண்மைக்கு இல்லை. இடம் போதாவிட்டால் பெயரை வெட்டி வைக்கும். வெட்டிய பாதை வேறொரு கோப்பைக் காட்டினால் கருவி அதைத் திறந்து வேலையை முடித்துவிடும். திருப்பித் தரும் எண் பஃபரின் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் கருவி நின்றாக வேண்டும். எதிர்ம எண் வந்தாலும் அப்படியே. பாதைக்கான உச்ச அளவு லினக்ஸில் 4096, பிஎஸ்டி குடும்பத்தில் 1024 என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: லினக்ஸ் ஹோஸ்டில் ஓடிய பாதை மற்றதில் ஓடாமல் போகலாம்.

5. ஷெல்லிடம் ஒப்படைத்தல். சிஸ்டம் அல்லது பிஓப்பன் என்ற ஃபங்ஷன் வழியாக, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லிடம் கொடுத்து இன்னொரு கட்டளையை ஓட்டும் கருவி, பாதையில் இடைவெளி இருந்தால் உடையும். அதன் விடையைப் பார்க்காத கருவி உடைந்ததைச் சொல்லவும் செய்யாது. குழாய் வழியாக ஓட்டினால் பிகுளோஸ் தரும் நிலையைப் பார்ப்பது கட்டாயம்.

இரண்டுமுறை கட்டினால் ஒரே பொருள் வருமா?

ஒரே மூல நிரலை இரண்டு இடங்களில் கட்டினால் பைட்டுக்குப் பைட் ஒரே வெளியீடு வர வேண்டும். இதை மீளுருவாக்கக் கூடிய பில்ட் என்கிறோம். லினக்ஸ் வெளியீடான டெபியன் உட்படப் பல திட்டங்கள் இதற்காகப் பல ஆண்டுகளாக உழைக்கின்றன. ஏன் இவ்வளவு பிடிவாதம்? வெளியிடப்பட்ட இமேஜ் இந்த மூல நிரலிலிருந்துதான் வந்தது என்று மூன்றாம் ஆள் சரிபார்க்க வேறு வழி இல்லை என்பதால். இந்த ஒழுங்கைக் கெடுப்பது பெரும்பாலும் பில்ட் கருவிக்குள் இருக்கும் சில வரிகள்.

முதல் குற்றவாளி நேரம். லோக்கல்டைம் என்ற ஃபங்ஷன் கணினியின் நேர மண்டலத்தைப் பார்த்து விடை சொல்லும். யூனிக்ஸ் காலக்கணக்கின் தொடக்கமான 1970 ஜனவரி 1 நள்ளிரவை லண்டனின் கிரீனிச் கணக்கில் கொடுத்து, கோலாலம்பூர் மண்டலத்தில் கேட்டால் காலை 7:30 என்று வரும். இன்றைய தேதி ஒன்றைக் கொடுத்தால் 8 மணி வேறுபாடு வரும். தீபகற்ப மலேசியா 1982 தொடங்கும்போதுதான் 7:30-லிருந்து 8 மணிக்கு மாறியது. ஆகவே ‘8 மணி நேரத்தைக் கழித்தால் சரியாகிவிடும்’ என்று ஒரு பேட்ச் வந்தால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். கிரீனிச் நேரத்தையே தரும் ஜிஎம்டைம் இருக்கும்போது கழித்தல் வேலைக்கு இடமில்லை.

இது வெறும் கணக்குச் சிக்கல் அல்ல. பல போர்டுகளின் தொடக்கப் பகிர்வு ஃபேட் கோப்பு முறைமையில் இருக்கிறது. ஃபேட், கோப்பின் நேரத்தை மண்டலக் குறிப்பின்றி உள்ளூர் நேரமாகவே பதிவு செய்கிறது. 1980-க்கு முந்தைய ஆண்டை அதில் எழுதவே முடியாது. மாற்றிய நேரம் 2 நொடித் துல்லியத்தில்தான் நிற்கும். இமேஜ் எழுதும் கருவி லோக்கல்டைம் பயன்படுத்தினால், பினாங்குக் கணினியில் கட்டியதும், கிரீனிச் நேரத்தில் ஓடும் சர்வரில் கட்டியதும் ஒவ்வொரு கோப்பிலும் வேறுபடும். இதற்கான பொது ஏற்பாடு, ‘சோர்ஸ் டேட் ஈபாக்’ என்ற சூழல் மாறி. அதில் நொடிக்கணக்கில் ஓர் எண் இருந்தால், கருவி கடிகாரத்தைப் பார்க்காமல் அந்த எண்ணையே நேரமாகக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது குற்றவாளி வரிசை. ரீட்டிர் என்ற ஃபங்ஷன் ஒரு கோப்புறையில் உள்ள பெயர்களை எந்த வரிசையில் தரும் என்று எந்த உறுதியும் இல்லை. கோப்பு முறைமையைப் பொறுத்து மாறும். வரிசைப்படுத்தாமல் அப்படியே எழுதும் கருவியின் வெளியீடு இரண்டு கணினியில் இரண்டு விதமாக வரும். வரிசைப்படுத்தும் கியூசார்ட் ஃபங்ஷனிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒப்பீட்டில் சமமாக நிற்கும் இரண்டு உறுப்புகளை அது எப்படி அடுக்கும் என்று தரநிலை சொல்லவில்லை. லினக்ஸில் வழக்கமான குனு சி நூலகத்தில் நெடுங்காலம் உள்ளே மெர்ஜ் முறை ஓடியதால் பழைய வரிசையே நின்றது. மசல் என்ற இன்னொரு சி நூலகம் ஸ்மூத்சார்ட், ஃப்ரீபிஎஸ்டி குவிக்சார்ட் பயன்படுத்துவதால் அங்கே மாறும். ‘என் கணினியில் ஒரே மாதிரிதான் வருகிறது’ என்ற பதில் இங்கே சான்றாகாது. ஒப்பீட்டு ஃபங்ஷன் சமம் என்று சொல்லும் இரண்டு உறுப்புகள் உண்மையிலேயே எல்லாப் புலங்களிலும் சமமா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைசிப் புலமாகப் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஃபங்ஷன் இரண்டு எண்களைக் கழித்துத் திருப்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரிய எண்களில் கழித்தல் வழிந்து குறி மாறும்.

மூன்றாவது, இட்டுநிரப்பும் பைட்டுகள். பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டும் ஸ்ட்ரக்ட் ஒன்றில் 1 பைட் உறுப்பும் அடுத்து 4 பைட் உறுப்பும் இருந்தால் மொத்த அளவு 5 இல்லை, 8. நடுவில் உள்ள 3 பைட்டில் என்ன இருக்கும்? முன்பு அந்த நினைவகத்தில் கிடந்த எதுவும். ஸ்ட்ரக்ட்டை அப்படியே எஃப்ரைட் செய்தால் அந்தக் குப்பையும் இமேஜில் போகும். வெளியீடு மாறுவதோடு, கட்டிய கணினியின் நினைவகத் துண்டுகளும் வெளியே போகின்றன. மெம்செட் கொண்டு முதலில் எல்லாவற்றையும் 0 ஆக்குவது பாதித் தீர்வு. உறுப்பு உறுப்பாகப் பைட்டுகளை எழுதுவதே முழுத் தீர்வு.

ஹோஸ்ட் வேறு, டார்கெட் வேறு

ஸ்ட்ரக்ட்டை அப்படியே எழுதுவதில் இன்னும் பெரிய தவறு ஒன்று உண்டு. 4 பைட் எண்ணும் அதை அடுத்து 8 பைட் எண்ணும் கொண்ட ஒரு ஸ்ட்ரக்ட், 32 பிட் எக்ஸ்86 லினக்ஸில் 12 பைட். 64 பிட்டில் 16. ‘லாங்’ என்ற வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், 32 பிட் ஆர்மில் 4. கருவி ஹோஸ்டின் அளவில் எழுதும், போர்டு தன் அளவில் படிக்கும். பைட் வரிசையும் மாறலாம். ஆகவே டார்கெட்டுக்குப் போகும் எந்தக் கோப்பிலும் அளவு வெளிப்படையாகச் சொல்லப்பட்ட எண் வகைகளே இருக்க வேண்டும். பைட் வரிசையைக் கருவியே நிர்ணயித்து எழுத வேண்டும்.

நேரத்தை 32 பிட்டில் சுருக்கி எழுதும் வரிகளையும் விட்டுவிடாதீர்கள். குறியுடைய 32 பிட் நொடிக்கணக்கு 2038 ஜனவரி 19 அன்று மலேசிய நேரம் காலை 11:14:07-க்குப் பிறகு நீளாது. இன்று தொழிற்சாலையில் பொருத்தப்படும் போர்டு அந்த நாளைப் பார்க்கக்கூடும்.

எதிர்த் திசையிலும் பிழை வரும்: டார்கெட் இயங்குதளத்தின் ஹெடரை ஹோஸ்டில் ஓடும் கருவிக்குள் சேர்ப்பது. லினக்ஸ் கணினியிலோ ஆப்பிளின் மேக் கணினியிலோ அந்த ஹெடர் இருக்காது, அல்லது அதே பெயரில் வேறு மதிப்புடன் இருக்கும். இரண்டாவதுதான் கொடியது, ஏனென்றால் கம்பைல் ஆகிவிடும். நெட்பிஎஸ்டி இதற்காகவே தன் கருவிகளை முதலில் ஹோஸ்டில் தனியே கட்டி, மேக் என்பது என்பிமேக் என்பதுபோல் பெயர்முன் என்பி சேர்த்து வைக்கிறது. இல்லாத ஃபங்ஷன்களுக்கு ஓர் இணக்க நூலகமும் தருகிறது. பிஎஸ்டியில் பல்லாண்டுகளாக இருக்கும் எஸ்டிஆர்எல்சிபிஒய் என்ற ஃபங்ஷன், குனு நூலகத்தில் 2023-இல் வந்த 2.38 பதிப்பில்தான் சேர்ந்தது. புதிய ஃபங்ஷன் ஒன்றை அழைக்கும் பேட்ச் வந்தால், ஆதரிக்கும் மிகப் பழைய ஹோஸ்டில் அது உண்டா என்று கேட்பது மறுஆய்வாளரின் வேலை.

‘பினாங்கு’ என்ற கோப்புறை

வீட்டுக் கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்துச் சோதிப்பதைவிடச் சிறந்த சோதனை குறைவு. ‘பினாங்கு’ கண்ணுக்கு 4 எழுத்து. யுடிஎஃப்-8 முறையில் 8 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24 பைட். ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் என்ற பொதுவான வரம்பில் தமிழில் 85 குறியீடுதான் அடங்கும். எழுத்தை எண்ணிப் பஃபரை ஒதுக்கிய நிரல் இங்கே உடைந்து காட்டும்.

அதைவிட நுட்பமானது எண்ணின் குறி. ‘அ’ என்ற எழுத்தின் மூன்று பைட்டுகள் 224, 174, 133. மூன்றும் 127-ஐத் தாண்டியவை. எக்ஸ்86 லினக்ஸில் ‘சார்’ வகைக்குக் குறி உண்டு. ஆகவே 224 அங்கே -32 ஆகிவிடும். ஆர்ம் லினக்ஸில் குறி இல்லை. 224 ஆகவே நிற்கும். இப்போது, இடைவெளியா என்று கேட்கும் இஸ்ஸ்பேஸ், எழுத்தா என்று கேட்கும் இஸ்ஆல்ஃபா போன்ற ஃபங்ஷன்களுக்கு -32 கொடுப்பதை சி தரநிலை வரையறுக்கவே இல்லை. குனு நூலகம் -128 வரை அட்டவணை வைத்திருப்பதால் தப்பிக்கும். மற்ற நூலகங்களில் அட்டவணைக்கு வெளியே படிக்கும். நெட்பிஎஸ்டி இதைக் கம்பைல் நேரத்திலேயே எச்சரிக்கையாக வரும்படி தன் மேக்ரோக்களை எழுதியிருக்கிறது. தீர்வு எளிது: ஒவ்வோர் அழைப்பிலும் முதலில் குறியற்ற சார் வகைக்கு மாற்றுவது. லினக்ஸ் கெர்னல் 6.2 பதிப்பிலிருந்து கெர்னல் நிரல் முழுவதையும் குறியற்ற சார் என்ற விதியோடு கம்பைல் செய்கிறது.

இதே குடும்பத்தில் இன்னொன்று: கோப்பிலிருந்து ஒவ்வொரு பைட்டாக வாங்கும் கெட்சி ஃபங்ஷனின் விடையை ‘இன்ட்’ வகையில் வைக்காமல் சார் வகையில் வைப்பது. குறியுள்ள சார் என்றால், 255 என்ற பைட் கோப்பின் முடிவு போலத் தோன்றும். கருவி பாதியில் படிப்பை நிறுத்தி, வெற்றி என்று சொல்லும். குறியற்ற சார் என்றால் முடிவே வராது. தமிழ் எழுத்து எதிலும் 255 வராது என்பதால் உரைக் கோப்பில் இது வெளிப்படாது. இருமக் கோப்பைக் கொடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

வலியுறுத்த வேண்டாத ஒன்று

நினைவகத்தை விடுவிக்கவில்லை என்று பில்ட் கருவியின் மேல் குறை எழுதுவது வீண். அரை நொடி ஓடி முடியும் நிரலின் நினைவகத்தை இயங்குதளமே திரும்ப வாங்கிக்கொள்ளும். விடுவிக்கும் வரிகளைச் சேர்க்கப்போய், இரண்டு முறை விடுவிக்கும் பிழையை நுழைப்பதுதான் மிச்சம். நினைவகம் கேட்கும் மால்லாக் தோற்றால் செய்தி சொல்லி நிற்கும் ஒரு சிறு உறை ஃபங்ஷன் இருந்தால் போதும். நினைவகப் பிழைகளை ஓடும்போதே பிடிக்கும் சானிடைசருடன் ஓட்டும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லினக்ஸில் அட்ரஸ் சானிடைசர் விடுவிக்காத நினைவகத்தையும் பிழையாக எண்ணி, எக்ஸிட் கோடை மாற்றிவிடும். கசிவுத் தேடலை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். எல்லை மீறல்களை அது தொடர்ந்து பிடிக்கும்.

சுத்தம் செய்யும் பேட்ச்

மறுஆய்வாளர் மிகத் தளர்வாக இருப்பது ‘எச்சரிக்கைகளை நீக்குகிறேன்’ என்ற தலைப்பில் வரும் பேட்ச்சில்தான். அங்கேதான் விழிப்பு வேண்டும். 2006-இல் டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் நிரலில், வால்கிரைண்ட் சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையைப் போக்க ஒரு மாற்றம் செய்யப்பட்டது. அது சமவாய்ப்பு எண்ணுக்கு ஊட்டம் தரும் வரியையும் நீக்கிவிட்டது. 2008 மே மாதம் வெளிப்பட்டபோது, மிஞ்சிய ஒரே வேறுபாடு பிராசஸ் எண் மட்டுமே என்றும், ஒரே வகைக் கணினியில் ஒவ்வொரு சாவி வகைக்கும் அளவுக்கும் 32,768-க்கு மேல் வேறு வேறு சாவி பிறக்க முடியாத நிலை இருந்தது என்றும் தெரிந்தது.

இத்தகைய பேட்ச்சுக்கு ஒரு திட்டவட்டமான சோதனை உண்டு. வடிவம் மட்டுமே மாறுகிறது, செயல் மாறவில்லை என்று எழுதியவர் சொன்னால், பேட்ச்சுக்கு முன்னும் பின்னும் ஒரே கம்பைலரில், டீபக் தகவல் இல்லாமல், ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கட்டி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சொன்னது உண்மை. வரி எண்ணைப் பதிக்கும் அசெர்ட் போன்றவை மட்டுமே நியாயமான வேறுபாடு தரும். வடிவ மாற்றமும் செயல் மாற்றமும் ஒரே பேட்ச்சில் கலந்திருந்தால் இந்தச் சோதனை செய்ய முடியாது. அந்தக் காரணத்துக்காகவே பிரித்து அனுப்பச் சொல்வது நியாயம்.

கெட்ட எண்ணம் இருந்தால்

இதுவரை சொன்னவை கவனக்குறைவைப் பிடிக்கும். எக்ஸ்இசட் போன்ற திட்டமிட்ட செயலுக்கு மேலும் சில இடங்களைப் பார்க்க வேண்டும். அங்கே பின்கதவை இழுத்துவந்த எம்4 என்ற பில்ட் ஸ்கிரிப்ட் கோப்பு, வெளியீட்டுப் பொதியில் இருந்தது. மூல நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் களஞ்சியத்தில் இல்லை. உள்ளடக்கம், சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் இருந்த இருமக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. ஆகவே பொதியைப் பிரித்து, களஞ்சியத்தின் அதே குறியிட்ட நிலையோடு கோப்பு கோப்பாக ஒப்பிட வேண்டும். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கோப்பும் எந்தக் கருவியால், எந்தப் பதிப்பால் பிறந்தது என்று காட்டி, மறுபடி பிறப்பிக்க முடிய வேண்டும்.

தொடக்கத்தில் பார்த்த முற்றுப்புள்ளியிலும் பாடம் உண்டு. வசதி உண்டா என்று தேடும் குட்டி சி நிரல்களையும் முழு நிரலாக மதித்துப் படியுங்கள். லினக்ஸில் கட்டாயம் இருக்க வேண்டிய காப்பு வசதி ‘இல்லை’ என்று விடை வந்தால் பில்ட் நிற்கும்படி மாற்றச் சொல்லுங்கள். அப்படி மாற்றியிருந்தால் அந்தப் புள்ளி முதல் பில்டிலேயே அகப்பட்டிருக்கும்.

கென் தாம்ப்சன் 1984-இல் வெளியான தம் டூரிங் விருது உரையில், கம்பைலருக்குள்ளேயே பின்கதவு வைத்து, அடுத்த கம்பைலரைக் கட்டும்போது அது தானாக மறுபடி நுழையும்படி செய்தால், மூல நிரலில் தடயமே இருக்காது என்று காட்டினார். மூல நிரலைப் படிப்பதால் மட்டும் இதைப் பிடிக்க முடியாது. வேறு வேறு கம்பைலர்களில் கட்டிய கருவிகள் ஒரே வெளியீடு தருகின்றனவா என்று பார்ப்பது ஓரளவு காப்பு.

பேட்ச் கைக்கு வந்தால்: வேலை வரிசை

1. ஓட்டாமல் படியுங்கள். கோப்பு திறக்கும், எழுதும், மூடும் இடங்களை மட்டும் முதலில் பின்தொடருங்கள். ஒவ்வொரு பிழைப் பாதையும் 0 அல்லாத எக்ஸிட் கோடில் முடிகிறதா?

2. குனு, கிளாங் என்ற கம்பைலர்கள் இரண்டிலும், எச்சரிக்கைகளை முழுமையாக இயக்கிக் கட்டுங்கள். ஒன்று காணாததை மற்றொன்று காணும்.

3. லினக்ஸில் ‘ஃபுல்’ என்ற சாதனக் கோப்பு உண்டு. அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்ற பிழை வரும். கருவியின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டு எக்ஸிட் கோடைப் பாருங்கள். 0 வந்தால் மறுஆய்வு அங்கேயே நிற்கலாம். ஒரு நிமிட வேலை, மிக அதிகம் பிடிக்கும் சோதனை.

4. தமிழ்ப் பெயரும் நடுவில் இடைவெளியும் உள்ள கோப்புறைக்குள் மூல நிரலை வைத்துக் கட்டுங்கள்.

5. அட்ரஸ் சானிடைசர், அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசர் இரண்டும் சேர்த்துக் கட்டிய கருவியால் பில்டை ஓட்டுங்கள். கருவி மெதுவாக ஓடும். மொத்த பில்டில் கருவியின் பங்கு சிறிது என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

6. இயங்குதளம் முழுவதையும் இருமுறை கட்டுங்கள்: பழைய கருவியால் ஒன்று, புதிய கருவியால் ஒன்று, இரண்டிலும் ஒரே ‘சோர்ஸ் டேட் ஈபாக்’ மதிப்பும் ஒரே பாதையும் வைத்து. பிறகு டிஃபோஸ்கோப் கொண்டு ஒப்பிடுங்கள். அது பொதிகளையும் இமேஜ்களையும் உள்ளே பிரித்து, எந்தக் கோப்பின் எந்தப் பகுதி மாறியது என்று காட்டும்.

7. புதிய கருவியை மட்டும் மறுபடி இருமுறை ஓட்டுங்கள்: ஒருமுறை கோலாலம்பூர் நேர மண்டலத்தில் ஒரே வேலையாக, மறுமுறை கிரீனிச் நேரத்தில் எட்டு இணை வேலைகளாக. மொழி அமைப்பை இயக்கும் செட்லோக்கேலைக் கருவி அழைக்கிறது என்றால் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி போடும் ஜெர்மன் மொழி அமைப்பிலும் ஒருமுறை ஓட்டுங்கள்.

8. எதையும் மாற்றாமல் மறுபடி பில்ட் கொடுங்கள். எதுவும் மறுபடி கட்டப்படக் கூடாது. கட்டப்பட்டால், கருவி மாறாத கோப்பையும் திரும்ப எழுதி நேரமுத்திரையைப் புதுப்பிக்கிறது. பிஎஸ்டி கான்ஃபிக்கில் உள்ளதுபோல், உள்ளடக்கம் மாறினால் மட்டும் இடம்மாற்றும் ஃபங்ஷனைச் சேர்க்கச் சொல்லலாம். அப்படிச் சேர்த்தால் இலக்கு எப்போதும் மூலத்தைவிடப் பழையதாகவே தோன்றி, ஒவ்வொரு பில்டிலும் கருவி ஓடும். அதைத் தடுக்க, ஓடியதற்கு அடையாளமாக ஒரு வெற்று முத்திரைக் கோப்பையும் மேக்ஃபைலில் சேர்க்க வேண்டும்.

ஆறாம் படியில் ஒரு பைட் மாறினாலும், ஏன் மாறியது என்று பேட்ச்சின் விளக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதியவரால் அந்த ஒரு பைட்டுக்குக் காரணம் சொல்ல முடியாதவரை பேட்ச் காத்திருக்கட்டும்.